காப்பி மலையில் காப்பி தராத சாப்பாட்டுக் கடை

முதலில் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் கீழ்மலையில், பண்ணைக்காட்டிலிருந்து தாண்டிக்குடி போகும் சாலையில், மகளிர் சுயஉதவிக் குழுக்கள் சில சேர்ந்து ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகின்றன. தகரக் கூரை, நான்கு பெஞ்சு, பக்கத்திலேயே தானியமும் பொடியும் விற்கும் ஒரு சிறிய அறை. மதியச் சாப்பாடு 80 ரூபாய். கேப்பைக் களி அல்லது சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, ஒரு கீரை, ஒரு காய், மோர், கடைசியில் ஒரு கொய்யாத் துண்டோ பாதி ஆரஞ்சோ. முட்டை வேண்டுமென்றால் அதற்குத் தனிக் காசு. சாப்பாட்டு நேரத்தில் காப்பி கிடையாது, டீயும் கிடையாது. சுற்றிலும் காப்பித் தோட்டமாக இருக்கும் ஊரில் இப்படியா என்று கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

நான் இந்தக் கீழ்மலையில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். கர்ப்பிணிகளின் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, விரல் நுனியில் குத்தி, ஹீமோகுளோபின் அளவை அட்டையில் எழுதியே என் வேலைக்காலம் போயிற்று. கர்ப்பிணிக்கு அது 100 மில்லி இரத்தத்தில் 11 கிராமுக்குக் கீழே இறங்கினால் இரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் மலையை விட்டு இறக்கிப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தாக வேண்டும். 2019-21-ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று சொல்கிறது. பாதிக்கு மேல். கர்ப்ப காலத்தில் 180 நாளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் போய்ச் சேருகின்றன. எல்லாம் அவசியமானவை. ஆனால் வீட்டில் என்ன சமைக்கிறார்கள், அது யார் தட்டில் விழுகிறது என்பதை மாத்திரையால் மாற்ற முடியாது. அதனால் ஒரு சாப்பாட்டுக் கடையை ருசியை மட்டும் வைத்து மதிப்பிட எனக்கு மனம் வராது. அடுப்படியில் வேகிறவளும் வயிறாரச் சாப்பிடுகிறாளா என்று பார்ப்பேன்.

ருசியில் குறை சொல்ல அதிகம் இல்லை. களியை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசிக் குறுணையை நன்றாகக் குழைய வேகவிட்டு, அதன் மேல் கேப்பை மாவைக் குவியலாகக் கொட்டுகிறார்கள். கிளறுவதில்லை. துடுப்புக் காம்பால் நடுவில் ஒரு குழி செய்து, அந்தக் குழி வழியாகக் கொதி மேலே வரும்வரை தீயைக் குறைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். பிறகுதான் சட்டியை இரண்டு காலுக்கு இடையில் இறுக்கிக்கொண்டு துடுப்பைப் போடுகிறார்கள். இந்தக் காத்திருப்பு இல்லாத களியில் மாவு வாடை போகாது, உள்ளே கட்டி நிற்கும். இங்கே உருண்டையைத் தொட்டால் விரலில் ஒட்டுவதில்லை. நனைத்த கையால் தட்டிய பளபளப்போடு தட்டுக்கு வருகிறது. 100 கிராம் கேப்பையில் 350 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, தீட்டிய அரிசியில் பத்துக்கும் குறைவு. இரும்புச்சத்திலும் கேப்பைதான் மேல்.

மொச்சைக் குழம்பில் மேல்மலைப் பூண்டு போடுகிறார்கள். பூம்பாறைப் பக்கத்துப் பூண்டு. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதுதான். பல் சிறிதாக இருக்கும், காரம் நாக்கின் நடுவில் போய் நிற்கும். மிளகு அவர்கள் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில் ஏறிய கொடியிலிருந்து வந்தது. மார்கழி, தை மாதங்களில் போனால் பச்சை மொச்சை கிடைக்கும். மற்ற மாதங்களில் காய்ந்த மொச்சையை இரவே ஊறவைக்கிறார்கள். கீரை தினமும் மாறும். நான் விரும்பிச் சாப்பிடுவது சௌசௌக் கொடியின் கொழுந்துப் பொரியல். பந்தல் பந்தலாகச் சௌசௌ போடும் இந்த மலையில் காயை லாரியில் ஏற்றிவிட்டுக் கொழுந்தை மாட்டுக்குப் போடுகிறோம். சின்ன வெங்காயமும் மிளகாய் வற்றலும் தாளித்து வதக்கினால் அது அருமையான கீரை என்பதை இந்தக் கடைதான் ஊருக்கு மறுபடி நினைவுபடுத்தியிருக்கிறது. முருங்கை மேலே குளிருக்குச் சரியாக வருவதில்லை. அடிவாரத்து உறவுக்காரர்கள் பஸ்ஸில் கொடுத்தனுப்பும் நாளில் மட்டும் முருங்கைக்கீரை உண்டு.

இனி காப்பி விஷயம். கடையில் காப்பி இல்லாமல் இல்லை. காலை 11 மணி வரை தருகிறார்கள், பிறகு மாலை 4 மணிக்கு மறுபடி அடுப்பில் ஏற்றுகிறார்கள். அவர்கள் தோட்டத்துக் கொட்டை, அவர்களே வறுத்து இடித்தது, நாட்டுச் சர்க்கரை போட்ட கடுங்காப்பி. மலையில் இதைவிட நல்ல காப்பி சில இடங்களில்தான் குடித்திருக்கிறேன். நடுவில் உள்ள அந்த ஐந்து மணி நேரம்தான் சண்டை.

அந்த நேரக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் இருக்கிறது. காப்பியிலும் டீயிலும் உள்ள துவர்ப்புப் பொருட்கள் தானியம், பருப்பு, கீரையில் இருக்கும் இரும்புச்சத்தைக் குடலில் பிடித்துக்கொள்கின்றன. உடம்பால் அதை எடுத்துக்கொள்ள முடிவதில்லை. 1983-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சாப்பாட்டுடன் ஒரு கோப்பை காப்பி குடித்தபோது இரும்புச்சத்து உடம்பில் சேர்வது 39 சதவீதம் குறைந்தது. டீயுடன் 64 சதவீதம். பலருக்குத் தெரியாத இன்னொன்றும் அதே ஆய்வில் இருக்கிறது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்த காப்பியால் குறைவு ஏற்படவில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தாலோ, சேர்த்துக் குடித்த அளவுக்கே கெடுத்தது. ஆகவே ‘சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துக் குடித்துக்கொள்கிறேன்’ என்பது போதாது. கடைக்காரப் பெண்கள் 11 மணிக்கு நிறுத்தி 4 மணிக்குத் தொடங்குவது பிடிவாதமல்ல, சரியான கணக்கு.

இந்த மலைக்கு இது சிறிய விஷயமே அல்ல. கார்த்திகையிலிருந்து மாசி வரை காப்பிப் பழம் பறிக்கப் போகும் பெண்கள், மதியம் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்ட கையோடு கடுங்காப்பி குடிப்பதுதான் வழக்கம். குளிருக்கு இதமாக இருக்கும், அலுப்புத் தெரியாது. ஏற்கெனவே இரத்தம் குறைந்த உடம்பு, தட்டில் இருந்த கொஞ்ச இரும்புச்சத்தையும் அந்தக் கோப்பையில் இழக்கிறது. கூலியைக் குறைத்தால் கூட்டமாகப் போய்க் கேட்பார்கள். இது யார் கண்ணுக்கும் தெரியாத பிடித்தம். கடையில் கடைசியாக வைக்கும் கொய்யாவும் ஆரஞ்சும் இதற்கு நேர்மாறான வேலை செய்கின்றன. வைட்டமின் சி, இரும்புச்சத்தைக் குடல் எடுத்துக்கொள்ள உதவுகிறது. கொய்யாவில் அது ஆரஞ்சைவிடப் பல மடங்கு அதிகம். பழனி அடிவாரத்து ஆயக்குடிக் கொய்யா கூடை கூடையாக இறங்கும் மாவட்டம் இது. பழத்தை இலவசத் துண்டு என்று நினைத்து ஒதுக்கி வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

இந்தக் கடையில் நான் மிகவும் மதிப்பது வேறொன்று. பரிமாறும் நேரம் 12.30 என்று பலகையில் எழுதியிருக்கிறது. 12 மணிக்கே சமையல் முடிந்துவிடும், வாசனை சாலை வரை வரும். ஆனால் அந்த அரை மணி நேரம் சமைத்தவர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பின்கட்டில் அல்ல, அதே பெஞ்சில். களி, குழம்பு, கீரை எல்லாம் முழு அளவில். முட்டை இருக்கும் நாளில் ஆளுக்கு ஒன்று. ஒரு முறை வேனில் வந்த ஒருவர், காசு கொடுக்கிறவர்கள் நிற்கிறோம், நீங்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறீர்களே என்று குரலை உயர்த்தினார். கல்லாவில் இருந்த அக்கா எழுந்திருக்கவில்லை. “இன்னும் பத்து நிமிடம் அண்ணா. நாங்கள் பசியோடு பரிமாறினால் உங்களுக்கும் நன்றாக இருக்காது” என்றார். அவர் உட்கார்ந்தார், சாப்பிட்டார், சாமையும் வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டில் எல்லோருக்கும் போட்டது போகச் சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்துச் சாப்பிடும் பெண்களைத்தான் நான் வேலைக்காலம் முழுக்கப் பார்த்தேன். குழம்பில் காய் தீர்ந்திருக்கும், சாறு மட்டும் இருக்கும். நாலு பேருக்கு முன்னால் முதலில் உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம் அந்த பெஞ்சில் தொடங்கி வீடு வரை போகிறது. ஓர் உறுப்பினரின் மாமியாரே என்னிடம், “இப்போதெல்லாம் எங்கள் வீட்டிலும் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்துவிடுகிறோம் நர்ஸம்மா” என்று சொன்னார்.

அடுத்து அந்த நீள நோட்டு. கடைக்குச் சரக்கு கொண்டுவரும் ஒவ்வொரு உறுப்பினரின் பெயருக்கும் எதிரில் இரண்டு பத்திகள். ஒன்று, கடைக்குக் கொடுத்தது. இன்னொன்று, வீட்டுக்கு எடுத்து வைத்தது. வீட்டுப் பத்தி காலியாக இருந்தால் சரக்கை எடுத்துக்கொள்வதில்லை. கீரை, மொச்சை, கேப்பை, மலைவாழை, முட்டை எல்லாவற்றுக்கும் இதே விதி. கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருக்கும் வீட்டிலிருந்து முட்டை வந்தால் தலைவி கேள்வி கேட்டே தீருவார். பொய்யாக எழுதிவிட மாட்டார்களா என்று கேட்டேன். “எழுதலாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரியும் இதே குழுவில்தானே இருக்கிறாள்” என்றார்.

விவசாயத்தைப் பெருக்கினால் வீட்டில் ஊட்டம் தானாகப் பெருகும், பெண் கையில் காசு வந்தால் குழந்தை தானாகத் தேறும் என்று கூட்டங்களில் பேசுவார்கள். தானாக எதுவும் நடப்பதில்லை. பசு வாங்கிய வீட்டில் பாலெல்லாம் சொசைட்டிக்குப் போய், பிள்ளைக்குக் கடுங்காப்பி கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். பீன்ஸ் நல்ல விலைக்குப் போன வருடத்தில் வீட்டுத் தோட்டத்து அவரைக் கொடியைப் பிடுங்கி எறிந்து அங்கும் பீன்ஸ் போட்டார்கள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் விலை விழுந்தபோது காசும் இல்லை, அவரையும் இல்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குச் சத்துணவில் வாரம் ஐந்து நாளும் முட்டை கிடைத்துவிடும். அவன் அம்மாவுக்கு? அந்த நோட்டின் இரண்டாவது பத்தி அவளுக்காகத்தான். விற்பனைக்கு வைத்த கடை, விற்காதே, முதலில் வீட்டுக்கு எடுத்து வை என்று சொல்வதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பக்கத்து அறையில் வாங்க வேண்டியது சாமை. கேப்பைக்கு உமி நீக்கும் வேலை இல்லை. அடித்துப் புடைத்தால் நேராகத் திரிகைக்குப் போகலாம். சாமைக்கும் தினைக்கும் உமி ஒட்டிக்கொண்டிருக்கும், உரலில் போட்டுக் குத்தியாக வேண்டும். அரைப்படி சாமைக்குத் தோள்பட்டை கழன்றுவிடும். ரேஷன் அரிசி வீடு தேடி வந்த காலத்தில் எந்தப் பெண் உலக்கையைத் தூக்குவாள்? கேப்பை ஓரளவு தங்கியதற்கும் சாமை காட்டிலிருந்து மறைந்ததற்கும் பெண்ணின் நேரம் ஒரு பெரிய காரணம். 2012-ல் உருவாக்கிய ‘வேளாண்மையில் பெண்கள் வலுவாக்கக் குறியீடு’ உற்பத்தி முடிவு, வளம், வருமானம், தலைமை இவற்றோடு நேரத்தையும் ஐந்தாவது அளவாக வைத்திருக்கிறது. பயிற்சி ஒன்றில் அதைக் கேட்டபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது உரல்தான். குழு கடன் வாங்கி உமி நீக்கும் இயந்திரம் ஒன்றைக் கடையின் பின்புறம் போட்டிருக்கிறது. உறுப்பினர்களுக்கு மின்சாரச் செலவுக்கு மட்டும் காசு, மற்றவர்களுக்குக் கிலோ கணக்கில் கூலி. இயந்திரம் வந்த பிறகுதான் சில வீடுகள் மறுபடி சாமை விதைத்தன.

தவிடு போகாமல் உமியை மட்டும் எடுப்பதால் அரிசி சற்றுப் பழுப்பாக இருக்கும். அதுதான் நல்லது. ஆனால் தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, நாள்பட்டால் சிக்கு வாடை வந்துவிடும். அதனால் அரைக் கிலோ, ஒரு கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். வீட்டில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். முளைகட்டிய கேப்பை மாவும் நன்றாக இருக்கிறது. முளைகட்டும்போது சத்தைப் பிடித்து வைக்கும் பொருட்கள் குறைந்து, சுண்ணாம்பும் இரும்பும் உடம்பில் சேர வழி பிறக்கிறது; ஆறு மாதம் முடிந்த கைக்குழந்தைக்குக் கூழ் காய்ச்ச ஏற்றது.

வாரா வாரம் சனிக்கிழமை பட்டுவாடா. பணம் உறுப்பினரின் வங்கிக் கணக்குக்கே போகிறது. காப்பிப் பணம், மிளகுப் பணம் எல்லாம் வருடத்துக்கு ஒரு முறை, பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர் கைக்கு வரும். கடனுக்கும் கல்யாணத்துக்கும் போய்விடும். வாரம் முந்நூறோ நானூறோ வரும் பணம்தான் பருப்பாகவும் எண்ணெயாகவும் அடுப்படிக்கு வருகிறது. ஆனாலும் நிலம் என்ற பெரிய கேள்வி அப்படியே நிற்கிறது. தருமபுரியில் முதல் மகளிர் குழுக்கள் தொடங்கிய அதே 1989-ல்தான் தமிழ்நாடு, இந்து குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் சம உரிமை என்று சட்டம் செய்தது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பிலோ, நாட்டில் சாகுபடி நிலத்தை நிர்வகிப்பவர்களில் பெண்கள் சுமார் 14 சதவீதம்தான். இந்தக் கடைக்குச் சரக்கு தரும் பெண்களிலும் சொந்தப் பெயரில் பட்டா உள்ளவர்கள் ஒரு சிலரே. அடுத்த வருடம் எந்தப் பயிர் என்று தீர்மானிப்பது இன்னும் பட்டாக்காரர்தான். கடையின் குறை அல்ல இது. ஆனால் கடையைப் பாராட்டி எழுதும்போது சொல்லாமல் விடக் கூடாது.

கடையின் குறைகளுக்கும் வருகிறேன். சாமைப் பாக்கெட்டில் ‘சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். குணப்படுத்தாது. அரிசிக்குப் பதிலாக அளவோடு சாப்பிட்டால் சர்க்கரை மெதுவாக ஏறும், அவ்வளவுதான். இதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? அச்சடித்த கவர் தீரட்டும் என்கிறார்கள். தீரும்வரை அந்த வரியின் மேல் காகிதம் ஒட்ட வேண்டும். பொடிப் பாக்கெட்டுகளில் தயாரித்த தேதி சில நேரம் இருக்கிறது, சில நேரம் இல்லை. ஊறுகாயில் உப்பு அதிகம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பக்கத்தில் போகாதீர்கள். மழைநாளில் மின்சாரம் போய்விட்டால் அரைப்பு நின்று, மெனு பாதியாகிவிடும். கழிப்பறை இல்லை. வழிப்போக்கரைவிட, நாள் முழுக்க அங்கேயே நிற்கும் பெண்களுக்கு அது கொடுமை. தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள், பிறகு சிறுநீர்த் தொற்று என்று வருகிறார்கள்.

இன்னொன்றும் எனக்குக் கவலை தருகிறது. கணக்கு முழுவதையும் ஒரே ஓர் இளம்பெண்தான் எழுதுகிறாள். அவளுக்குக் காய்ச்சல் வந்த வாரம் பட்டுவாடா நின்றது. இன்னும் இரண்டு பேருக்காவது அவள் கற்றுக்கொடுக்க நேரம் ஒதுக்க வேண்டும். சமையல் முறை வரும் நாளில் ஒருத்தி விடியுமுன் எழுந்து வீட்டுச் சமையலை முடித்துவிட்டுத்தான் இங்கே வருகிறாள். கைக்குழந்தைக்காரி குழந்தையை அரைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்துத் தூளியில் போடுகிறாள், அந்த இரைச்சலும் தூசியும் குழந்தைக்கு ஆகாது. தானிய அறையில் ஒரு மூலையைத் தடுத்துக்கொடுத்தால் போதும். வேலையைக் குறைக்க வந்த கடை வேலையைக் கூட்டிவிடக் கூடாது.

போவது எளிது. 2024-ல் மகளிர் இலவசப் பயணத்தை மலைப் பகுதிகளுக்கும் நீட்டித்த பிறகு, கீரைக் கட்டோடும் முட்டைக் கூடையோடும் வரும் பெண்களே பஸ்ஸில் பாதி இடம். ஞாயிறு விடுமுறை. பத்துப் பேருக்கு மேல் போவதானால் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். திடீரென்று வரும் கூட்டத்துக்காக வீட்டுப் பங்கில் கை வைக்க மாட்டார்கள், சாப்பாடு இல்லை என்று சொல்லிவிடுவார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு குறை நோட்டு தொங்குகிறது. அதில் எழுதுவதை மாதக் கூட்டத்தில் சத்தமாக வாசித்துப் பதில் எழுதுகிறார்கள். சர்க்கரை நோய் வரியைப் பற்றியும் கழிப்பறையைப் பற்றியும் நான் எழுதியிருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு வரும்போது நீங்களும் எழுதுங்கள். பல கையெழுத்து இருந்தால் ஊராட்சியில் கொண்டுபோய்க் காட்ட அவர்களுக்கு வசதியாக இருக்கும்.